உங்கள் தங்கையின் மூளை மந்தமாகிவிடவில்லை, தம்பி

கேள்வி இதுதான்: "எங்கள் வீடு ஏற்காட்டில். அப்பா ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர். தங்கை சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். முதல் வருடம் வகுப்பில் இரண்டாவதாக வந்தாள், இப்போது இரண்டு பாடத்தில் அரியர். குழந்தைகள் வார்டில் ஒரு மருந்துக் கணக்கைத் தப்பாகப் போட்டு எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினாளாம். அதற்குப் பிறகு போன் செய்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. 'என் மூளை மந்தமாயிடுச்சுண்ணா' என்கிறாள். ஞாபக சக்தி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா, யோகா வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை படிப்பையே நிறுத்திவிடலாமா?"

தம்பி, மாத்திரை வேண்டாம். படிப்பை நிறுத்துவது பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம். யோகா பிடித்தால் செய்யட்டும், நல்லதுதான், ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் அது மூன்றாவது நான்காவது வேலையாகத்தான் எனக்குப் படுகிறது. முதல் வேலை ஒரு தாளும் பேனாவும் எடுத்து, போன இரண்டு மாதத்தில் அவள் எந்தெந்தத் தேதியில் நைட் டியூட்டி பார்த்தாள், மறுநாள் எத்தனை மணிக்கு வகுப்பில் உட்கார்ந்தாள், நடுவில் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று அவளிடமே கேட்டு எழுதுவது.

நான் சேலத்தில் 27 வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள், கடைசிப் பதினோரு வருடம் மாணவிகளுக்கு வார்டில் சொல்லிக்கொடுத்தேன். ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர், மேச்சேரி என்று சுற்று வட்டாரத்திலிருந்து வந்த பிள்ளைகள்தான் அதிகம். முதல் வருடம் நன்றாகப் படித்துவிட்டு மூன்றாம் வருடம் சரிகிற பிள்ளை ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருத்தியைக்கூட மந்தமானவள் என்று என்னால் சொல்ல முடியாது. தூக்கம் போயிருக்கும், வார்டில் ஒரு பயம் பிடித்திருக்கும், இரண்டும் சேர்ந்து படித்தது எதையும் தலையில் நிற்கவிடாது. மார்க் குறைந்ததும் இன்னும் ஒரு மணி நேரம் கண் விழிப்பார்கள். அதனால் இன்னும் குறையும். வீட்டில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவது கடைசியில் வருகிற அரியர் மட்டும்தான்.

தூக்கத்தை முதலில் பேசிவிடுகிறேன். நைட் டியூட்டி ராத்திரி எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்கு இறங்கும், அப்புறம் அடுத்த ஷிஃப்ட்காரர்களிடம் பொறுப்பை ஒப்படைத்து, சார்ட் முடித்து, ஹாஸ்டலுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது பத்து மணி ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே சேலத்து வெயில். மலையில் போர்வைக்குள் தூங்கி வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் புழுக்கத்தில், பக்கத்து அறையில் பாட்டு ஓடுகிற சத்தத்தில், பகலில் கண் மூடவே மூடாது. மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு என்றால் ஒன்றரைக்கு எழுந்துவிட வேண்டும். மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிசயம். அன்று வகுப்பில் எழுதிய நோட்ஸ் கையெழுத்தாக நோட்டில் இருக்கும், தலையில் இருக்காது, ஏனென்றால் படித்ததை மூளை அடுக்கி நிலைநிறுத்திக்கொள்கிற வேலையில் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1997-ல் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் வேலை செய்கிற விதம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமமாக இருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கிற அளவே 0.03 சதவீதம்தான். காலை ஏழு மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல், அப்படியே நைட் டியூட்டிக்குப் போகிற ஒரு பெண் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு அந்த நிலைமைக்கு வந்துவிடுகிறாள், இன்னும் எட்டு மணி நேர வேலை பாக்கி இருக்கிறது. அதனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நைட் முடித்த அன்று காலையில் ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கிளம்பி வரச் சொல்லாதீர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். பஸ்ஸில் வரட்டும், இல்லை தூங்கி எழுந்து மறுநாள் வரட்டும்.

இதைவிட முக்கியமான ஆராய்ச்சி 2003-ல் அமெரிக்காவில் நடந்தது. சிலரை இரண்டு வாரம், தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோதான் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களின் கவனமும் ஞாபகமும் ஒன்றிரண்டு இரவு முழுவதும் தூங்காதவர்கள் அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. ஆனால் கேட்டால், கொஞ்சம் அசதி, மற்றபடி பரவாயில்லை என்றே சொன்னார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். 'தூக்கமெல்லாம் ஓகேதாண்ணா' என்று அவள் சொன்னால் அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது. அதனால்தான் தாளில் எழுதச் சொன்னேன்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பை விடுதிப் பள்ளியில் முடித்திருந்தால், விடியற்காலை நாலரைக்கு எழுப்பி ராத்திரி பதினொன்று வரை உட்காரவைத்திருப்பார்கள். தூக்கத்தைக் குறைப்பவள்தான் நல்ல மாணவி என்பது அந்த வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற வரைக்கும் அது எப்படியோ ஓடும். ஒரு குழந்தையின் எடையைப் பார்த்து, மில்லிகிராமை மில்லியாக மாற்றி, சிரிஞ்சில் இழுக்கிற வேலைக்கு அது உதவாது. டாக்டர்கள் விஷயத்திலும் இதே கதைதான். பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவு பயிற்சி மருத்துவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி, 2004-ல் வெளிவந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை பார்த்தபோது, ஷிஃப்டைக் குறைத்து வேலை பார்த்தபோது நடந்ததைவிட 36 சதவீதம் அதிகமாகப் பெரிய தவறுகள் நடந்தன. ஆட்கள் அதே ஆட்கள், மாறியது நேரம் மட்டும். நம் நாட்டிலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல், பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்று சொன்னது. 74 மணி நேரமே அதிகம் என்பது என் கருத்து. ஆனால் பிள்ளைகளுக்கு மன உறுதி போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில், வேலை நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்களே, அது பெரிய மாற்றம்.

சரி, இப்போது பயம்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பதினைந்து வருடம் இருக்கும், ஒரு தனியார் மருத்துவமனை. எனக்கு அன்று தொடர்ந்து ஐந்தாவது நைட். காலை ஆறு மணி இன்சுலின் போட வேண்டும், நோயாளிக்கு 20 யூனிட். நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு வகையில் வருகிறது, ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது, 100 யூனிட் இருப்பது. சிரிஞ்சும் அதற்குத் தக்கபடி இரண்டு, 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. என் கையில் இருந்தது 100 குப்பி, ட்ராலியிலிருந்து நான் எடுத்தது சிவப்பு மூடி. 20 கோடு வரை இழுத்துவிட்டேன். அதில் இருந்தது 50 யூனிட். வெறும் வயிற்றில் இருக்கிற அறுபத்தைந்து வயது மனிதருக்கு அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள், சொல்வாள். ட்ராலிக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி நின்றிருந்தாள், கருமந்துறைப் பக்கத்துப் பிள்ளை, அதிர்ந்து பேசமாட்டாள். "சிஸ்டர், மூடி செவப்பா இருக்குதுங்களே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் சிரிஞ்சைப் பார்த்தேன், குப்பியைப் பார்த்தேன், எனக்குக் கை நடுங்கியது.

அந்தப் பிள்ளை அன்று வாய் திறந்ததற்கு ஒரே காரணம், அதற்கு முந்தைய வாரம் அவள் டிரிப்ஸ் வேகத்தைத் தப்பாக வைத்துவிட்டு என்னிடம் வந்து சொன்னபோது நான் கத்தவில்லை. அன்று என் மனநிலை நன்றாக இருந்தது, அதனால் கத்தவில்லை, உண்மை அதுதான். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன், அவளும் அந்தக் காலையில் சும்மா நின்றிருப்பாள். அதற்குப் பிறகு நான் மாணவிகளை வார்டு நடுவில் நிற்கவைத்துத் திட்டியதில்லை.

'கொஞ்சம் பயம் இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்' என்று சீனியர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளுக்கு லேசான ஷாக் கொடுத்து வழி கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். வேலை எளிதாக இருந்தபோது ஷாக் கூடக்கூட எலி வேகமாகக் கற்றது. வேலை கடினமானதும், ஒரு அளவுக்கு மேல் ஷாக் ஏறினால் கற்பது குறைந்துவிட்டது. வார்டிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். படுக்கை விரிக்கிற வேலையைத் திட்டி வேகப்படுத்தலாம். குழந்தைக்கு மருந்துக் கணக்குப் போடுகிறவளைத் திட்டினால், கணக்கு நிற்க வேண்டிய இடத்தில் திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அவள் பெருக்கல் போடும்போது காதில் அந்தக் குரல்தான் கேட்கும். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்பதுகூட மறந்துபோகும். அதைத்தான் அவள் மந்தம் என்கிறாள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொண்ணூறுகளில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணிப் பார்த்தார். நல்ல தலைமை, ஒற்றுமை உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். பதிவானது அங்கேதான் அதிகம். காரணத்தைத் தோண்டினால், அங்கே ஆட்கள் பயப்படாமல் வந்து சொல்லியிருக்கிறார்கள், மற்ற வார்டுகளில் மறைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு எந்த வார்டு பாதுகாப்பு என்று நீங்களே யோசியுங்கள். தவறு செய்த நர்ஸோ டாக்டரோ உள்ளுக்குள் நொறுங்கிப்போவதை 2000-ல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் ஒரு கட்டுரையில் எழுதினார். அவர்களையும் அந்தத் தவறால் அடிபட்ட இரண்டாவது ஆளாகப் பார்க்க வேண்டும் என்றார். தூக்கம் வராது, அதே நிமிடம் திரும்பத் திரும்பக் கண்ணில் ஓடும், கை மருந்தைத் தொடவே தயங்கும், யாரிடமும் பேசப் பிடிக்காது. உங்கள் தங்கை இரண்டு வார்த்தையோடு போனை வைப்பதற்கு இதுவே போதுமான காரணம். அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு என்று அவளிடம் வீட்டில் யாராவது கேட்டீர்களா? அவள் மனதில் மார்க்கை விட அந்தக் கேள்விதான் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதானால், 'எத்தனை பேப்பர் பாக்கி' என்று ஆரம்பிக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். ஹாஸ்டல் வாசலில் நின்று பேச வேண்டாம். வெளியே கூட்டிப்போய் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள், அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். அப்புறம், 'அன்னைக்கு வார்டுல என்ன பாப்பா நடந்துச்சு, முழுசா சொல்லு' என்று மட்டும் கேளுங்கள். நடுவில் அறிவுரை வேண்டாம். 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று சொல்லிவிடாதீர்கள், ஆறுதலுக்குச் சொன்னாலும் அது கதவைச் சாத்துகிற பேச்சு.

அடுத்தது ரத்தம். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹாஸ்டல் சாப்பாடு, காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு ஓடுவது, மாதவிடாயில் அதிகமாகப் போவது எல்லாம் சேர்ந்தால் இந்த வயதில் ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதுக்கு இறங்கிவிடும். அசதி, கவனம் நிற்காமை, படி ஏறினால் மூச்சு வாங்குவது, இதையெல்லாம் நாம் மனசு என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஞாபக சக்தி மாத்திரைக்கு வைத்திருந்த பணத்தை இதற்குச் செலவு செய்யுங்கள்.

தூக்கத்துக்குச் சில வழிகள் எங்கள் கை அனுபவம். நைட் தொடங்குகிற அன்று மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிட வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. காபித் தோட்டத்துப் பிள்ளையிடம் காபியை விடச் சொல்ல மாட்டேன், ஆனால் குடித்த காபியில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வேண்டாம், இல்லாவிட்டால் காலைத் தூக்கம் போய்விடும். தூக்க மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எங்கள் தொழிலில் ஆல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், 'ஒண்ணு போட்டுக்க' என்று கூட வேலை பார்ப்பவரே நீட்டுவார். டாக்டர் எழுதாமல் அதைத் தொடவே கூடாது, பழகிவிடும்.

அரியர் பேப்பருக்கு ஒரே ஒரு யோசனை. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை நிறுத்திவிட்டு, மூடிவைத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். 2006-ல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். பரீட்சை அன்று நெஞ்சு படபடத்தால், உள்ளே போவதற்கு முன் பத்து நிமிடம், என்ன பயம் என்று ஒரு தாளில் கொட்டி எழுதட்டும். பயந்த மாணவர்களுக்கு இது மார்க்கையே கூட்டியது என்று 2011-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது, நான் சொல்லி எழுதிய பிள்ளைகளும் படபடப்பு குறைந்தது என்றார்கள்.

கல்லூரியில் அவளுக்கு நெருக்கமான ஒரு ட்யூட்டரிடம் நீங்களே பேசுங்கள், புகாராகப் பேசாதீர்கள். நைட் முடித்த அன்று மதிய வகுப்புக்கு விலக்கு கிடைக்குமா, குழந்தைகள் வார்டில் அடுத்த பத்து மருந்துக் கணக்கை யாராவது பக்கத்தில் நின்று சரிபார்க்க முடியுமா, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். சரிபார்த்துப் போட்ட பத்துக் கணக்கும் சரியாக வந்தால் கை நடுக்கம் தானாகக் குறையும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், எதிலும் ஆசை இல்லாமல், அழுகையாக, சாப்பாடு இறங்காமல், தன்னால் யாருக்கும் பயனில்லை என்று பேசினால் அது வெறும் களைப்பு இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். வேலை அழுத்தத்தால் ஓய்ந்துபோவதை, 'பர்ன் அவுட்' என்பார்களே, அதை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிலை என்றது. மனச்சோர்வு நோய், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்க் காட்டுங்கள். கல்யாணத்துக்குத் தடையாகும், வேலை கிடைக்காது என்று அம்மா பயந்தால், 2017 மனநலச் சட்டப்படி அந்தச் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது அவர்கள் கடமை என்று சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ராத்திரி மூன்று மணிக்கு வார்டில் உட்கார்ந்துகொண்டு அவளே கூப்பிடலாம். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவளிடம் நேராகக் கேட்கத் தயங்க வேண்டாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள், பரீட்சை இருந்தாலும் சரி.

ஹீமோகுளோபின் ரிசல்ட் வந்ததும் எழுதுங்கள். அந்தத் தாளில் குறித்த நைட் தேதிகளையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.